நடைப்பிணமும் ஸொம்பியும்: ஒரு சொல்லின் வரலாறு

ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கும் பணியில் நீண்டகாலம் இருந்தவர்களுக்குச் சில சொற்கள் தீராத தலைவலி. அவற்றுள் ஒன்று ‘ஸொம்பி’. ஜப்பானின் பொருளாதாரக் குமிழி 1990களின் தொடக்கத்தில் வெடித்த பின்னர், வட்டியைச் செலுத்தவும் வருமானம் போதாமல், வங்கிகளின் தயவினால் மட்டும் கதவுகளைத் திறந்து வைத்திருந்த கம்பனிகளைப் பொருளியலாளர்கள் ‘ஸொம்பி கம்பனிகள்’ என்று அழைக்கலாயினர். அத்தகைய செய்தியொன்றை மொழிபெயர்த்த இளம் உதவி ஆசிரியர் ஒருவர் ‘சோம்பி நிறுவனங்கள்’ என்று எழுதி என் மேசைக்கு அனுப்பியிருந்தார். அப்படியே அச்சேறியிருந்தால் வாசகர்கள் அவற்றைச் சோம்பேறி நிறுவனங்கள் என்றே விளங்கிக்கொண்டிருப்பர். நான் அதை வெட்டிவிட்டு ‘நடைப்பிண நிறுவனங்கள்’ என்று திருத்தினேன். திருத்திய பின்னரே, அந்தச் சொல்லின் பூர்வீகம் பற்றி எனக்கும் எதுவும் தெரியாது என்பது உறைத்தது.

பின்னர் தேடிப் படித்தபோது இரண்டு விடயங்கள் தெளிவாகின. அவசரத்தில் நான் இட்ட தமிழ்ச் சொல் மூலப் பொருளுக்கு மிக அருகில் நின்றது என்பது ஒன்று. அந்த இளைஞரின் பிழை எத்துணை முரணானது என்பது மற்றையது. ஏனெனில் ஸொம்பி சோம்பியிருக்கும் பிறவியல்ல. ஓய்வென்பதையே அறியாது உழைப்பதற்காகச் சாவிலிருந்து எழுப்பப்பட்ட அடிமை அது.

இன்று ஸொம்பி என்றதும் உலகெங்கும் மனக்கண்ணில் தோன்றுவது ஹொலிவூட் உருவாக்கிய உருவமே. அழுகிய தசை, கிழிந்த உடை, தள்ளாடும் நடை, மனித இறைச்சியின் மீது தீராப் பசி, கடிபட்டவரும் ஸொம்பியாக மாறும் தொற்று. இவற்றுள் மனிதரைத் தின்பதும் தொற்றுவதும் இச்சொல் வளர்ந்த ஹெய்ட்டித் தீவின் மரபில் அறவே இல்லாதவை. அங்கே ஸொம்பி எவரையும் தின்பதில்லை, எவரையும் துரத்துவதுமில்லை. ஹெய்ட்டியின் கிராமத்து மனிதர் ஸொம்பியைக் கண்டு அஞ்சியதைவிட, தாமே ஸொம்பியாக்கப்பட்டு விடுவோமோ என்றுதான் அதிகம் அஞ்சினர். இந்த வேறுபாட்டில்தான் ஒரு மக்கள் கூட்டத்தின் வரலாறு அடங்கியிருக்கிறது.

சொல்லின் வேர் மத்திய ஆபிரிக்காவைச் சேர்ந்தது என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. கொங்கோ, அங்கோலாப் பகுதிகளின் மொழிகளில் ‘ன்ஸாம்பி’ என்பது கடவுளைக் குறிக்கும். ‘ஸும்பி’ என்பது தெய்வசக்தி ஏற்றப்பட்ட பொருளைக் குறிக்கும். இறந்தவரின் உடலையும் ஆவியையும் குறிக்கும் சொற்களும் இவ்வொலிகளுக்கு நெருக்கமாகவே உள்ளன. எந்தச் சொல் கப்பலேறியது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அடிமைக் கப்பலில்தான் ஏறியது என்பதில் வேறுபாடு இல்லை. பிரேசிலில், தப்பியோடிய அடிமைகள் பல்மாரெஸ் என்ற இடத்தில் அமைத்த சுதந்திரக் குடியிருப்பின் இறுதித் தலைவரின் பெயரே ஸும்பி. போர்த்துக்கேயர் அவரை 1695 நவம்பர் 20இல் கொன்றனர். பிரேசிலின் வரலாற்றை எழுதிய ஆங்கிலக் கவிஞர் றொபர்ட் சதே 1819இல் வெளியான தமது தொகுதியில் பல்மாரெஸ் தலைவரின் பட்டம் ‘ஸொம்பி’ என்று குறித்து, அங்கோலா மொழியில் அது தெய்வத்தைக் குறிப்பது என விளக்கமும் தந்தார். ஆங்கிலத்தில் இச்சொல்லின் மிகப் பழைய ஆட்சிகளுள் ஒன்றாக அகராதிகள் காட்டுவது அதனையே. தெய்வத்தின் பெயராக ஆங்கிலத்துள் நுழைந்த சொல் பிணத்தின் பெயராக நிலைத்தது என்பது கவனத்துக்குரியது.

பிரெஞ்சு மொழியில் இச்சொல் அதற்கும் முந்தியது. குவாதலூப் தீவைக் களமாகக் கொண்டு பிளெஸ்புவா என்பவர் எழுதிய கதைநூலொன்று 1697இல் இச்சொல்லைத் தலைப்பிலேயே தாங்கி வந்தது. ஆனால் அங்கே அது கண்ணுக்குப் புலப்படாத ஆவியைத்தான் குறித்தது. நூறாண்டுகளின் பின்னர், 1797இல், மொரோ டி சென் மெறி என்ற குடியேற்றவாதச் சட்டவாளர் இதனை ஆவி, மீண்டு வருபவர் என்று பொருள்படும் கிரியோல் சொல்லாகவே குறித்தார். 1880களின் இறுதியில் மார்ட்டினிக் தீவில் தங்கியிருந்த எழுத்தாளர் லஃப்காடியோ ஹேர்ன், ஸொம்பி என்றால் என்னவென்று அங்குள்ள பெண்ணொருத்தியிடம் கேட்டார். இரவில் குழப்பம் விளைவிப்பது என்றாள் அவள். இறந்தவரின் ஆவியா என்று கேட்டபோது இல்லை என்று மறுத்துவிட்டாள். ஆக, கரிபியன் தீவுகள் பலவற்றில் ஸொம்பி நமது பேய், பிசாசு போன்ற பொதுச்சொல்லாகவே வழங்கியது. எழுந்து நடக்கும், உழைக்கும் உடல் என்ற தனிப்பொருளை அது வலுவாகப் பெற்றது ஹெய்ட்டியில்தான். ஏன் ஹெய்ட்டியில்?

ஹிஸ்பானியோலா தீவின் மேற்குப் பகுதி 1697இன் ரிஸ்விக் உடன்படிக்கையைத் தொடர்ந்து பிரான்சின் உடைமையாயிற்று. சான் தொமாங் என்று பெயரிடப்பட்ட அந்தச் சிறு நிலப்பரப்பு, 1780களின் இறுதியில் ஐரோப்பா நுகர்ந்த சீனியில் ஏறத்தாழ 40 சதவீதத்தையும், கோப்பியில் பாதிக்கும் மேற்பட்டதையும் வழங்கியது. அந்தச் செல்வத்தை விளைவித்தவர்கள் ஏறத்தாழ 5 இலட்சம் அடிமைகள். அவர்களை ஆண்ட வெள்ளையரோ சுமார் 30 ஆயிரம் பேர் மட்டுமே. அடிமைகளின் சாவு பிறப்பை விஞ்சியது. அவர்களைப் பேணி வளர்ப்பதைவிடப் புதிதாக வாங்குவது மலிவு என்று தோட்ட முதலாளிகள் கணக்கிட்டனர். கரும்பு அறுவடைக் காலத்தில் ஆலைகள் இரவிலும் ஓடின. உறக்கமற்ற தொழிலாளியின் கை உருளையில் சிக்கினால் வெட்டியெடுப்பதற்கென ஆலையருகே கத்தியொன்று வைக்கப்பட்டிருந்ததைக் கரிபியன் பற்றிய பழைய குறிப்புகள் கூறுகின்றன.

இந்த நரகத்தில் அடிமைக்கு எஞ்சியிருந்த ஒரே நம்பிக்கை சாவு. இறந்தால் ஆன்மா கடலைக் கடந்து ‘கினென்’ என்னும் மூதாதையர் நாட்டுக்கு, அதாவது ஆபிரிக்காவுக்கு, மீண்டு செல்லும் என்று அவர்கள் நம்பினர். அந்த நம்பிக்கையோடு தற்கொலை செய்தவர்கள் பலர். இது முதலாளிகளுக்கு நட்டத்தை விளைவித்தது. எனவே தற்கொலை செய்தவரின் தலையையோ கைகளையோ வெட்டிக் காட்சிக்கு வைக்கும் வழக்கம் கரிபியன் தோட்டங்களில் தோன்றியது. ஊனமுற்ற உடலோடுதான் நீ ஊர் திரும்புவாய் என்பது அதன் எச்சரிக்கை. சாவின் பின்னரும் அடிமையைத் துரத்திய அதிகாரம் அது.

ஸொம்பி என்ற கற்பனை இந்த மண்ணில்தான் வேர்விட்டது என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். சாவே விடுதலை என்று இருந்தவர்களுக்கு எதைவிடப் பெரிய கொடுமையை எண்ணிப் பார்க்க முடியும்? சாவும் விடுதலையாகாமல் போவதைத்தான். புதைகுழியிலிருந்து எழுப்பப்பட்டு, கினென் செல்லும் வழி அடைக்கப்பட்டு, மீண்டும் கரும்புத் தோட்டத்தில் மண்வெட்டியுடன் நிறுத்தப்படுவது. ஊதியமில்லை, பெயரில்லை, நினைவில்லை, முடிவுமில்லை. ஸொம்பி என்பது நிரந்தரமாக்கப்பட்ட அடிமைத்தனமன்றி வேறில்லை.

ஹெய்ட்டியின் வூடு சமய மரபு இதனை நுணுக்கமாக வகுத்துள்ளது. மனிதருக்கு ஆன்மாவின் கூறுகள் இரண்டு. அவற்றுள் ஒருவரது தன்மையையும் சுயத்தையும் ஆளும் கூறினை, ‘பொக்கோர்’ எனப்படும் மாந்திரீகர் கவர்ந்து குப்பியிலோ சாடியிலோ அடைத்து விடுகிறார். அவ்வாறு அடைபட்ட ஆன்மாவும் ஒருவகை ஸொம்பியே. ஆன்மா பறிக்கப்பட்டு எஞ்சிய, கட்டளைக்குக் கீழ்ப்படியும் உடல் மற்றொரு வகை. உலகம் அறிந்தது இந்த இரண்டாவது வகையை மட்டுமே. வழிபாட்டை நடத்தும் பூசகர் வேறு, பொக்கோர் வேறு என்பதையும் வெளியார் பெரும்பாலும் கவனிப்பதில்லை. சமயத்தையும் சூனியத்தையும் ஒன்றாக்கி எழுதியோர் பலர். 2003இல்தான் ஹெய்ட்டி அரசு வூடுவைச் சட்டபூர்வமான சமயமாக அங்கீகரித்தது.

ஸொம்பிக்கு ஒரு மீட்பு வழியும் உண்டு. அதன் உணவில் உப்புச் சேர்க்கக்கூடாது என்பது எசமானுக்குள்ள விதி. உப்பைச் சுவைத்த கணத்தில் ஸொம்பிக்குத் தன் நிலை தெரிந்துவிடும். அது எழுந்து தன் புதைகுழியை நோக்கி நடக்கும், அல்லது எசமானுக்கு எதிராகத் திரும்பும். தமிழருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. மானமிழந்து நடப்பவனைப் பார்த்து ‘நீ சோற்றில் உப்புப் போட்டுத்தான் தின்கிறாயா’ என்று கேட்பது நமது வழக்கம். சுரணைக்கும் உப்புக்கும் உள்ள உறவை, ஒருவரையொருவர் அறியாத இரு மக்கள் கூட்டங்கள் ஒரேவிதமாகக் கண்டுள்ளன.

1791 ஓகஸ்டில் சான் தொமாங்கின் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். பன்னிரண்டு ஆண்டுகாலப் போரின் முடிவில், நெப்போலியன் அனுப்பிய படையையும் தோற்கடித்து, 1804 ஜனவரி முதலாம் திகதி ஹெய்ட்டி சுதந்திர நாடாயிற்று. அடிமைகள் வென்று அமைத்த நாடு உலக வரலாற்றில் அது ஒன்றே. ஆனால் அச்சம் அகலவில்லை. அகலுவதற்கு உலகம் விடவுமில்லை. ஹெய்ட்டியை அங்கீகரிப்பதற்கு விலையாக, அடிமைகளை இழந்த முதலாளிகளுக்கு 150 மில்லியன் பிராங்க் இழப்பீடு தர வேண்டும் என்று 1825இல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை நிறுத்திக் கேட்டது. 1838இல் அது 90 மில்லியனாகக் குறைக்கப்பட்ட போதிலும், அதற்காகப் பெற்ற கடன்களைத் தீர்த்து முடிக்க 1947 வரை சென்றது. ஏற்றுமதிப் பயிரைப் பெருக்குவதற்காக ஜனாதிபதி புவாயே 1826இல் கொண்டுவந்த கிராமியச் சட்டம் விவசாயிகளைத் தோட்டங்களோடு மீண்டும் பிணைக்க முயன்றது. சங்கிலி அறுந்தாலும் கரும்புத் தோட்டம் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

சட்டப் புத்தகத்திலும் இந்த அச்சம் இடம்பெற்றது. 1864இல் திருத்தப்பட்ட ஹெய்ட்டியின் தண்டனைக் கோவை, ஒருவரைக் கொல்லாமல் நீண்ட மயக்க நிலைக்குள்ளாக்கும் பொருள்களைக் கொடுப்பதை நஞ்சூட்டிக் கொல்லும் முயற்சியாகக் கருதியது. அதன் விளைவாக அவர் புதைக்கப்பட்டால், பின்னர் என்ன நேர்ந்தாலும் அது கொலையே என்றது. ஸொம்பி என்ற சொல் அதில் இல்லை. எனினும் எதனைக் கருதி அது எழுதப்பட்டது என்பதில் வாசித்த எவருக்கும் ஐயம் எழவில்லை.

இச்சொல் உலகச் சந்தைக்கு வந்தது ஓர் ஆக்கிரமிப்பின் வழியாக. 1915இல் ஹெய்ட்டியில் இறங்கிய அமெரிக்கக் கடற்படையினர் 1934 வரை வெளியேறவில்லை. ஆக்கிரமிப்பின் தொடக்க ஆண்டுகளில், வீதி அமைப்பதற்காகக் கிராமத்து மக்கள் பிடித்துச் செல்லப்பட்டுக் கட்டாய வேலை வாங்கப்பட்டனர். கயிற்றால் பிணைக்கப்பட்டு வரிசையாக நடத்திச் செல்லப்பட்டவர்களும் இருந்தனர். அதற்கெதிராக எழுந்த கிளர்ச்சியின் தலைவர் சாள்மெய்ன் பெரால்ட் 1919இல் கொல்லப்பட்டார். இந்தப் பின்னணியில்தான் அமெரிக்கப் பயண எழுத்தாளர் வில்லியம் சீபுரூக் ஹெய்ட்டி சென்று, 1929இல் ‘மந்திரத் தீவு’ என்ற நூலை வெளியிட்டார். அதில் ஒரு கதை. 1918ஆம் ஆண்டின் கரும்பு அறுவடைக்காக, அமெரிக்க முதலீட்டில் இயங்கிய சீனிக் கம்பனிக்கு ஒரு மேஸ்திரி கூட்டமாக ஆட்களை அழைத்து வருகிறான். அவர்கள் அனைவரும் ஸொம்பிகள். அவர்களது கூலி அவன் கையில். ஒருநாள் அவனது மனைவி இரக்கப்பட்டு அவர்களுக்கு வாங்கிக் கொடுத்த இனிப்பில் உப்பிட்ட கடலை கலந்திருந்தது. அவர்கள் எழுந்து தம் ஊர்ப் புதைகுழிகளை நோக்கி நடந்தனர்.

கதையின் உண்மை பொய் ஒருபுறம் இருக்கட்டும். கட்டாய உழைப்பு மீண்டும் வந்த காலத்தில், அந்நியரின் கரும்புத் தோட்டத்தில், ஊதியமின்றி உழைக்கும் பிணங்கள் பற்றிய கதை ஏன் வாய்க்கு வாய் பரவியது என்று சீபுரூக்கின் வாசகர்கள் கேட்கவில்லை. அவர்களுக்கு அது திகில் தரும் விநோதம். 1932இல் வெளியான ‘வைட் ஸொம்பி’ திரைப்படம் அதே திகிலை விற்றது. அதில் ஒரு காட்சி மட்டும் மூலத்தை மறக்கவில்லை. சீனி ஆலையில் ஸொம்பிகள் செக்கைச் சுற்றிச் சுற்றி நடக்கின்றன. ஒன்று தவறி உள்ளே விழுகிறது. ஏனையவை நிற்காமல் சுற்றுகின்றன. ஆனால் படத்தின் தலைப்பு காட்டுவது போல, அதன் கவலை கறுப்பின அடிமையைப் பற்றியதல்ல. வெள்ளைப் பெண்ணொருத்திக்கு அந்த நிலை வந்துவிடுமே என்பதைப் பற்றியது.

ஸொம்பி உண்மையா என்று அறிவியலும் தேடியது. கிளெர்வியூஸ் நார்சீஸ் என்பவர் 1962இல் ஹெய்ட்டியின் மருத்துவமனையொன்றில் இறந்ததாகப் பதிவாகி அடக்கம் செய்யப்பட்டார். 1980இல் அவரே தாம் என்று கூறிக்கொண்டு ஒருவர் ஊர்ச் சந்தையில் தமது சகோதரியின் முன் தோன்றினார். காணித் தகராறில் சகோதரனே தம்மை ஒப்புக்கொடுத்ததாகவும், தோட்டமொன்றில் அடிமையாக உழைத்ததாகவும் அவர் சொன்னார். இதனை ஆராயச் சென்ற வேட் டேவிஸ், பேத்தை மீனிலுள்ள கொடிய நஞ்சு கலந்த தூளே இதன் இரகசியம் என்று 1985இல் எழுதினார். அவர் கொண்டுவந்த தூளைச் சோதித்த வேறு நிபுணர்கள், விளைவு உண்டாக்கும் அளவில் அந்த நஞ்சு அதில் இல்லையென்று மறுத்தனர். 1997இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியான ஆய்வொன்று, ஸொம்பிகள் எனப்பட்ட மூவரைப் பரிசோதித்தது. அவர்களிடம் காணப்பட்டவை மனச்சிதைவு, மூளைப் பாதிப்பு, அறிவு வளர்ச்சிக் குறைபாடு போன்றவை. இருவரின் மரபணு, அவர்களை உரிமை கோரிய குடும்பங்களோடு பொருந்தவில்லை. அலைந்து திரிந்த நோயாளியைக் கண்டு, இறந்த தம் பிள்ளைதான் மீண்டுவிட்டது என்று நம்பிய குடும்பங்கள் அவை. பிள்ளையை இழந்தவர்களின் ஏக்கத்தை அறிந்தவர்கள் இதனைப் பார்த்துச் சிரிக்கமாட்டார்கள்.

ஸொம்பியை ஹெய்ட்டியிலிருந்து முற்றாகப் பிரித்தெடுத்தது 1968இல் ஜோர்ஜ் ரொமேரோ இயக்கிய திரைப்படம். அதன் உரையாடல்களில் ஸொம்பி என்ற சொல்லே வரவில்லை என்பது விசித்திரம். இரசிகர்களே அப்பெயரைச் சூட்டினர். அந்தப் படத்தோடு எசமான் மறைந்தான், மந்திரவாதி மறைந்தான், தோட்டம் மறைந்தது, உப்பும் மறைந்தது. எஞ்சியது மனிதரைத் தின்னும் பிணக்கூட்டம். அடிமையின் அச்சமாக இருந்த சொல், கூட்டத்தைக் கண்டு வீட்டுக் கதவைத் தாழிடுபவரின் அச்சமாயிற்று. பாதிக்கப்பட்டவனே பயங்கரமாக்கப்பட்டான்.

ஹெய்ட்டியின் எழுத்தாளர்கள் இதற்கு உடன்படவில்லை. பிரான்சுவா டுவாலியர் 1957 முதல் 1971 வரையும், அதன்பின் அவரது மகன் 1986 வரையும் நடத்திய கொடுங்கோன்மையின் காலத்தில், வாயடைத்துப்போன தமது சமூகத்தையே அவர்கள் ஸொம்பியாகக் கண்டனர். பிரான்கெத்தியென் 1975இல் வெளியிட்ட ‘தெஸாஃபி’, ஹெய்ட்டிக் கிரியோல் மொழியில் எழுதப்பட்ட முதல் நாவலாகக் கருதப்படுவது. கொடிய எசமானின் வயலில் உழைக்கும் ஸொம்பிகளுள் ஒருவனுக்கு எசமானின் மகளே உப்பூட்டுகிறாள். விழித்தவன் ஏனையோரையும் எழுப்புகிறான். எதனைப் பற்றிய கதை என்பது வாசித்த ஹெய்ட்டியருக்குப் புரிந்தது. 2025 பெப்ரவரியில் பிரான்கெத்தியென் காலமானார். அவரது உப்பு இன்னும் கரையவில்லை.

இந்த வரலாற்றின் ஓரத்தில் தமிழரும் உள்ளனர். பிரான்ஸ் தனது குடியேற்றங்களில் 1848இல் அடிமை முறையை ஒழித்த பின்னர், வெறுமையான கரும்புத் தோட்டங்களை நிரப்புவதற்குப் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கப்பலேற்றப்பட்டனர். 1853 தொடக்கம் குவாதலூப் தீவுக்கு மட்டும் 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரும், மார்ட்டினிக் தீவுக்கு 25 ஆயிரம் பேரளவிலும் சென்றனர். அவர்களுள் பெருந்தொகையினர் தமிழர். ஸொம்பி என்ற சொல் முதன்முதலில் நூலொன்றின் தலைப்பாகிய அதே தீவில், அதே கரும்பு வரிசைகளுக்கிடையே, நம்மவரும் குனிந்து நின்றனர் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

இனி, மொழிபெயர்ப்பாளரின் மேசைக்குத் திரும்புவோம். தமிழில் பேய், பிசாசு, ஆவி, பூதம் எனச் சொற்களுக்குப் பஞ்சமில்லை. இவற்றுள் பிணத்தோடு நேரடித் தொடர்புடையது வேதாளம். விக்கிரமாதித்தன் தோளில் சுமந்த உடலுக்குள் இருந்தது அதுவே. ஆயினும் வேதாளம் கதை சொல்லும், புதிர் போடும், அரசனையே மடக்கும்; பிடி தளர்ந்ததும் மரமேறிவிடும். தன் விருப்பப்படி நடக்கும் வேதாளமும், விருப்பமே பறிக்கப்பட்ட ஸொம்பியும் எதிரெதிர்த் துருவங்கள். ஆதலால் பிணம் தின்னும் திரைப்பட உருவத்துக்கு ஸொம்பி என்ற அந்நியச் சொல்லையே அப்படியே வைத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் ஹெய்ட்டியின் ஸொம்பிக்கு நடைப்பிணம் என்பதைவிடப் பொருத்தமான சொல் நம்மிடம் இல்லை. அச்சொல்லை நாம் பேயைப் பார்த்துச் சொல்வதில்லை; உயிரோடிருந்தும் வாழ்வு பறிக்கப்பட்ட மனிதரைப் பார்த்தே சொல்கிறோம்.

அந்த இளம் உதவி ஆசிரியரின் பிழையை நான் கடிந்துகொள்ளவில்லை. ஓய்வின்றி உழைத்தே மாண்டவர்களைச் சோம்பேறிகள் என்று வரலாறு எழுதியது அதுவே முதல் தடவையல்ல. தோட்ட முதலாளிகளின் கடிதங்களிலும் நாட்குறிப்புகளிலும் அந்தக் குற்றச்சாட்டுத்தானே திரும்பத் திரும்ப வருகிறது.